போன வாரம் போலவே

ஓட்டல் சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் விடுவது அக்காவின் வேலை; அங்கே எல்லோருக்கும் அவர் அக்காதான். நுரையீரல் நோயாளிகளிடம் இணையம் வழியாக நடக்கும் ஓர் ஆய்வில், நோயாளிகளின் வீட்டார் சார்பாக ஆலோசனைக் குழுவிலும் இருந்தார். வாராவாரம் நோயாளிகளின் கைபேசிக்கு வரும் கேள்விகளை எப்படிக் கேட்டால் புரியும் என்று வீடியோ கூட்டத்தில் சொல்வார். வீட்டு நோயாளி அவருடைய தம்பி, பெயின்டர்.

"என்னடா, பதில் போட்டியா?"

"பரீட்சையில கூட என்னை இவ்வளவு கேட்டதில்லக்கா. பாஸ் பண்ணா என்ன குடுப்பாங்க?"

பலரும் இப்படிச் சலித்துப் பாதியில் விலகினார்கள். அக்கா ஒரு கூட்டத்தில் சொன்னார்: "எதுவும் மாறலன்னா 'போன வாரம் போலவே'ன்னு ஒரு பட்டன் வெச்சிடுங்களேன். ஒரு தட்டு, வேலை முடிஞ்சுது." ஆய்வாளர் பெண் கைதட்டினாள். பட்டன் வந்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சலவைக்கூடத்தில் ஒருவர் விடாமல் காட்டினார்.

தம்பியும் அதையே தட்டினான். மூச்சு மோசமாவதாகப் பதில் போனால் ஆய்வுக்குழுவின் நர்ஸ் கூப்பிடுவார். நர்ஸ் கூப்பிடவில்லை. கூப்பிடாததையே அக்கா நல்ல சேதியாக எடுத்துக்கொண்டார், உள்ளே மூச்சுத் திணறி விழுந்த தம்பியைத் தூக்கக் குளியலறைக் கதவை உடைக்க வேண்டி வந்த காலை வரை. ஆக்சிஜன் இயந்திரத்தோடு அவனை வீட்டுக்கு அனுப்பிய மருத்துவர், போன நுரையீரல் திரும்பாது என்றார்.

அடுத்த கூட்டத்தில் அக்கா ஓட்டலில் குளியல் துண்டுகள் அடுக்கிய அறையிலிருந்து பேசினார்.

"அந்தப் பட்டனை எடுத்துடுங்க."

"அது வந்த பிறகுதான் யாரும் விட்டுட்டுப் போறதில்ல, மேடம். பாதிப் பேருக்கு மேல அதைத்தான் தட்டுறாங்க" என்றாள் ஆய்வாளர் பெண்.

"அதுல எத்தனை பேரு என் தம்பி மாதிரியோ, யாருக்கும்மா தெரியும்?"

குழுவிலிருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் குறுக்கிட்டார். "எடுத்தீங்கன்னா எங்க வீட்டுக்காரம்மா போனையே தூக்கிப் போட்டுடுவா."

எதை மாற்றவும் ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும், சில மாதங்கள் ஆகும், அதுவரை இருக்கட்டும் என்று முடிந்தது.

அன்று மாலை கேள்விகள் வந்தன. தம்பியின் கட்டைவிரல் பட்டனுக்குப் போனது. அக்கா கைபேசியைப் பிடுங்கினார்.

"நான் கேக்குறேன். நீ சொல்லு."

"நீ கேக்கக் கூடாதுன்னுதானக்கா அதை அமுக்கிட்டிருந்தேன்."

அக்கா வாசித்தார். "தட்டில் போட்டதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறதா?" குழுவில் அவரே திருத்திக் கொடுத்த வாக்கியம்.

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பினான். இயந்திரம் இரைந்தது.

"ஆமா."

"யார் துணையும் இல்லாமல் குளிக்க முடிகிறதா?"

"அதான் பாத்தியே."

"நான் பாத்தது இருக்கட்டும். நீ சொல்லுடா."

"இல்ல."

பதில்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் கைபேசி அடித்தது. நர்ஸ்தான். "எப்பலேருந்து இப்படி இருக்கு?" அக்கா கைபேசியை அவன் காதருகே பிடித்தார்.

அவன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பட்டன் வர்றதுக்கு முன்னாடியே. அப்பவும் பொய்யாத்தான் பதில் போட்டேன்."