நாற்பத்து மூன்று டேப்ரிக்கார்டர்களும் ஒரு கேசட்டும்

முட்டம் கடற்கரையிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அந்த அம்மாவுக்கு உப்புக்காற்றில் வெளுத்த புருவம், தலையில் மீன் நிறைந்த அலுமினியச் சருவம். ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்து நான் எண்ணி முடித்ததும், ஒரு சாளை மீனைக் கூடுதலாகப் போட்டு என் கணக்கைக் கெடுப்பார்.

ஒருநாள் முந்தானையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். இறந்துபோன கணவர் மஸ்கட்டிலிருந்து, கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியதாம்.

"சாரே, உங்க வீட்ல பழைய டேப்பு நெறய உண்டுல்லா? அவரு சத்தத்த ஒருக்கா கேக்கணும்."

நான் சேர்த்து வைத்திருக்கும் டேப்ரிக்கார்டர்கள் நாற்பத்து மூன்று. பெருமையோடு உள்ளே அழைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பதினொன்றில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு உறுமின. எல்லாவற்றிலும் ரப்பர் பெல்ட் உருகிப் போயிருந்தது. ஒன்றுகூடப் பேசவில்லை.

"மீனுக்குச் செவுளு பாத்துல்லா வாங்குவிய? இத மட்டும் ஒண்ணும் பாக்காம வாங்கிக் கூட்டிட்டியளே!" என்று சிரித்தார். ஆனால் கேசட்டை மேசைமேல் வைத்துவிட்டே போனார். "ஒண்ணயாவது பேச வையுங்க சாரே. அதுவர இது இங்க கெடக்கட்டு."

இரண்டு மாதமாக ஸ்க்ரூடிரைவரும் கையுமாக இருக்கிறேன். நாற்பத்து மூன்றும் ஊமைதான். கேசட் என்னாயிற்று என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வெட்கத்தில் நான் செவுளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கூடுதல் சாளை மட்டும் இப்போது இரண்டாகியிருக்கிறது. ஏனென்று எனக்குப் பிடிபடவே இல்லை.