குரங்கின் கழுத்து அளவு

கைப்பாவையின் தலையைக் காகிதக் கூழில் செய்வேன். மூக்கு, காது எல்லாம் எனக்குப் பெரிய காரியமில்லை. கழுத்துத் துளைதான் வேலை. கையில் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைத் தனியாக ஆள்காட்டி விரலில் செருகித்தான் ஆட்டுவோம். துளை கொஞ்சம் பெரிதானாலும் பொம்மை குடிகாரனைப் போலத் தள்ளாடும்.

எங்கள் குரங்கின் கழுத்து என் தம்பியின் விரலுக்குச் செய்தது. செய்வது நான், ஆட்டுவது அவன். குற்றாலத்தில் குளிக்க வந்தவர்களின் மிளகாய் பஜ்ஜியைப் பிடுங்கித் தின்னும் குரங்கு அது. அவன் கையில் ஏறிவிட்டால் பார்க்கிற பிள்ளைகள் தங்கள் தின்பண்டத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். ஐந்து வருடத்துக்கு முன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனான். அதிலிருந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஒவ்வொரு ஆனியிலும் ஒரே பாட்டு: "சாரலுக்கு வந்திருதேன் அக்கா."

நானும் நம்பினேன். குத்துக்கல்வலசை வீட்டில் முகமூடியும் சின்னச் சின்ன மண் சிலைகளும் செய்து விற்கிறேன். குரங்கை மட்டும் யார் கேட்டும் கொடுக்கவில்லை. அவன் இல்லாமல் வீடு வெறிச்சென்றுதான் கிடக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்த வருடம் ஆலங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் குரங்கு ஆட்டம் கேட்டார்கள். அவன் வருகிறேன் என்றதால் ஒத்துக்கொண்டேன். முந்தின நாள் போன் வந்தது. லீவு இல்லையாம். நன்றாக ஏசிவிட்டு வைத்தேன்.

வேறு வழியில்லாமல் நானே ஆட்டினேன். என் விரலுக்குத் துளை தொளதொளவென்று இருந்ததால், காகிதத்தை வளையமாகச் சுருட்டி உள்ளே செருகினேன். பசை போட மனம் வரவில்லை. போட்டால் அப்புறம் அவன் விரல் நுழையாதே! பஜ்ஜியைப் பிடுங்கப் பாய்ந்த குரங்கின் தலை கழன்று, முன்வரிசையில் ஒரு பிள்ளையின் மடியில் போய் விழுந்தது. பள்ளிக்கூடமே சிரித்தது. திரைக்குப் பின்னால் எனக்கு அழுகைதான் வந்தது.

திரும்பி பஸ் ஏறியதும் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"பசை போட்டு ஒட்ட வேண்டியதுதான அக்கா?"

"ஏலே, ஒட்டிட்டா நீ வரும்போது எதுல விரலை விடுவ?"

"அது எனக்கு எப்பவோ பத்தாது. நான் உடம்பு போட்டுட்டேன்லா. மோதிரத்தையே கழத்தி வச்சாச்சு."

யாருக்காக அந்தத் துளையை இத்தனை வருடம் காத்தேன்?

"அப்ப விரலை நூல் வச்சு அளந்து அனுப்புலே. புதுசு செய்யுதேன்."

"சரிக்கா, அனுப்புதேன்."

மறுநாளே பழைய குரங்குக்குள் வளையத்தைப் பசை போட்டு ஒட்டினேன். இப்போது அது என் விரலில் கெட்டியாக நிற்கிறது. அவனுக்கென்று புதிதாக ஒரு தலையும் செய்து, காது வைத்து, வண்ணம் பூசி, அலமாரியில் வைத்திருக்கிறேன். சாரல் முடிந்துவிட்டது. கழுத்தில் துளை மட்டும் இன்னும் போடவில்லை.