அசையாமல் நின்ற பூச்சிகள்

அறுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம் நடந்தது இது. கோவில்பட்டியில் நான் சொந்தமாக போட்டோ ஸ்டுடியோ வைத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் விவசாய அதிகாரி ஒருவர் கடைக்கு வந்து, பருத்தியைக் கெடுக்கிற பூச்சிகளை நன்றாகப் பெரிதாகப் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். நான் அதுவரை ஓர் ஈயைக்கூடப் படம் எடுத்ததில்லை. ஆனாலும் முடியும் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் சிரமம் தெரிந்தது. கேமராவின் மடிப்பு மடிப்பான துருத்தியை முழுக்க இழுத்து, பூச்சிக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸைக் கொண்டுபோக வேண்டும். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு பின்பக்கக் கண்ணாடியில் பார்ப்பதற்குள் பூச்சி ஓடிவிடும். அது நின்றால் காற்றில் செடி ஆடும். இரண்டு நாள் ஒரு படமும் தேறவில்லை.

மூன்றாம் நாள் நாகலாபுரம் பக்கம் ஒரு கரிசல் காட்டுக்குப் போனேன். பக்கத்துப் புஞ்சையில் சில பெண்கள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, காலையிலதான் அங்கன மருந்து அடிச்சிட்டுப் போயிருக்காவ. உள்ள போவாதிய."

மருந்து பூச்சிக்குத்தானே, கூலிக்காரப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கு எனக்கு அதிர்ஷ்டம் என்றே நினைத்தேன். சிவப்புப் பூச்சிகள் காய் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் போனாலும் நகரவில்லை. ஈர இலைகளைக் கையால் விலக்கினேன். செடி ஆடாமல் இருக்க ஒரு குச்சியை நட்டு நூலால் கட்டி, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தேன். வியர்வையை அதே கையால் துடைத்தேன். பூச்சியின் கால் மயிர் வரைக்கும் கண்ணாடியில் தெரிந்தது. ஆறு படம் எடுத்தேன்.

ஏழாவது படத்துக்குக் குனிந்தபோது கண்ணாடி மங்கலாக இருந்தது. துருத்தியை இழுத்தால் வெளிச்சம் குறையத்தான் செய்யும். லென்ஸை முழுதாகத் திறந்தேன். இன்னும் இருட்டியது. மேகம் போலிருக்கிறது என்று துணியை விலக்கி நிமிர்ந்தேன்.

உச்சி வெயில் நேரம். ஆனால் வெளியேயும் எனக்கு அந்தி மாதிரிதான் இருந்தது.

உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. வாயில் எச்சில் நிற்காமல் வழிந்தது. கைவிரல்கள் தாமாகத் துடித்தன. கண் போய்விட்டது, இனி என்ன தொழில் செய்வேன் என்பதுதான் முதலில் வந்த பயம். மூச்சு இழுக்க முடியாமல் போனபோது, உயிரே போகப்போகிறது என்று புரிந்தது. கத்தப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. கேமரா ஸ்டாண்டோடு கீழே விழுந்தேன்.

"ஏட்டி, ஓடிவாங்கட்டி! தண்ணிப் பானையத் தூக்கிட்டு வாங்க!"

அதே பெண்ணின் குரல். இரண்டு பேராக என்னை வரப்புக்கு இழுத்துப் போட்டார்கள். அவர் என் சட்டையைக் கிழித்து எறிந்து, எல்லாரும் குடிக்க வைத்திருந்த தண்ணீரை என் முகத்திலும் கையிலும் ஊற்றித் தேய்த்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் போன வருசம் இப்படித்தான் கண்ணு இருட்டுச்சு."

"பிழைச்சுக்கிட்டாரா?" என்று குழறினேன்.

அவர் அடுத்த பானையை எடுத்தார்.

மாட்டு வண்டியில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து, பஞ்சு ஏற்றிவந்த லாரியை மறித்து ஏற்றிவிட்டார்கள். கிளம்பும்போது அந்தப் பெண், காட்டு ஓரத்தில் கிடந்து கையோடு எடுத்துவந்த மருந்து டின்னில் ஒட்டியிருந்த தாளை உரித்து, டிரைவர் கையில் திணித்தார்.

"டாக்டர் என்ன மருந்துன்னு கேப்பாவ. இதக் காட்டுங்க. அன்னைக்கு எங்களுக்குப் பேரு சொல்லத் தெரியல."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தத் தாளைப் படித்த மறுநிமிடம் ஊசி போட்டார். பிறகு விடாமல் ஊசிகள். மூன்று நாள் மரணத்தின் வாசலில் கிடந்தேன். கண்ணை மூடினால் திறக்கும்போது தெரியாமல் போய்விடுமோ என்று தூங்கவே பயந்தேன். பார்வை முழுதாகத் திரும்பப் பத்து நாள் ஆனது.

நடக்கத் தெம்பு வந்ததும் அந்த ஊருக்குப் போனேன். மருந்து அடிக்கும் கூலிக்குப் போன அந்தப் பெண்ணின் கணவர், ஆஸ்பத்திரி வாசலிலேயே இறந்துவிட்டதாக அங்கே சொன்னார்கள். அந்தப் பெண்ணைத் தேடிப்போய்க் கைகூப்பி நின்றேன்.

"கண்ணு நல்லாத் தெரியுதா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

தெரிகிறது என்றதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அதிகாரி அந்த ஆறு படங்களையும் ரொம்பவே மெச்சினார். எனக்குத்தான் அவற்றைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. கூலிக்காரப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நான் சிரித்த அன்றைக்கு, தன் வாழ்க்கையையே பறித்த ஒன்றிலிருந்து முன்பின் தெரியாத என்னைக் காப்பாற்றத் தேவையானதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.