முகத்தைக் கண்ட பிறகுதான்

நேற்றுக் காலை எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், உயர்மின் கம்பங்கள் வரிசையாக நிற்கும் புல்வெளியில் யாரோ டேர்ட் பைக், அதுதான் கரடுமுரடான மண்பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிள், ஓடினார்கள். ஸ்காபரோவில் எங்கள் வெக்ஸ்போர்ட் பகுதியில் இது புதிதல்ல. பனி உருகி நிலம் காய்ந்ததும் எங்கிருந்தோ வந்துவிடுவார்கள். ஓடக்கூடாது என்று பலகை வேறு நட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அன்ரி பல்கனியில் நின்று திட்டிக்கொண்டிருந்தார். நான் திட்டவில்லை. எங்கள் மாடிவரை ஏறிவந்த அந்தப் பெற்றோல் புகை மணத்தை, கையிலிருந்த தேத்தண்ணீர் ஆறுவதும் தெரியாமல், மூக்கை நீட்டி இழுத்துக்கொண்டு நின்றேன். தலை நரைத்த மனிதன் செய்கிற வேலையா இது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், பரவாயில்லை.

உள்ளே சோபாவில் இருந்த என் மனைவி ராகினி தலையைத் திருப்பினாள். இது பெரிய விசயம். மறதி நோய் பிடித்துச் சில வருசங்களாக அவள் எங்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். மகள் வந்து தோளைத் தொட்டு "அம்மா" என்றாலும் பல நாட்களில் திரும்புவதில்லை. அந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள். காது கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "செயின் லூசாக் கிடக்கு. இறுக்கச் சொல்லுங்கோ," என்றாள்.

நான் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நாங்கள் இருவரும் மெக்சிக்கோ மலைகளில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள் என்றால் ஸ்காபரோவில் இன்றைக்கும் ஒருவரும் நம்பமாட்டார்கள். அப்போது நான் கார் இருக்கைகள் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பக்கத்து மெசினில் ரமோன் என்ற மெக்சிக்கோக்காரன். இடைவேளையில் அவன் சோளரொட்டியும் நான் புட்டும் மாற்றிச் சாப்பிடுவோம். புட்டுக்கு அவன் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. அவனுடைய அண்ணன் ஊரில் மலைமேல் டேர்ட் பைக்குகள் வாடகைக்கு விடுகிறான் என்று படங்கள் காட்டுவான். நான் அதை வீட்டில் ஒரு பகிடியாகத்தான் சொன்னேன். ராகினி கழுவிய கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பொம்பிளையளுக்கும் குடுப்பினமோ?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பைக் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் போரால் பெற்றோல் கிடையாத காலத்தில் மண்ணெண்ணெயில் மொப்பெட் ஓடிய பெண் அவள். மண்ணெண்ணெயில் என்ஜின் ஓடும், ஆனால் ஆறிக் கிடந்தால் பற்றாது. முதலில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர் கொடுக்கவேண்டும். அந்த நாலு சொட்டை ஒரு பழைய சென்ற் போத்தலில் அடைத்துக் கைப்பைக்குள் வைத்திருப்பாள். நான் பெண் பார்க்கப் போன அன்று பவுடர் மணத்தோடு மண்ணெண்ணெய் மணமும் வந்தது. என் அம்மா மூக்கைச் சுளித்தார். எனக்கு அந்த மணத்திலேயே மனம் விழுந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் அதைச் சொன்னபோது, "நல்ல காலம், அண்டைக்குச் செயினுக்கு எண்ணெய் விடேல்லை," என்றாள்.

மகளைப் பார்த்துக்கொள்ளும்படி என் அக்காவைக் கேட்டோம். "மெக்சிக்கோ போற சனம் கடற்கரைக்குப் போகுது. நீங்கள் கல்லும் முள்ளும் தேடிப் போறியளோ? விசரே உங்களுக்கு?" என்று ஏசினார். ஏசிவிட்டுப் பிள்ளையின் உடுப்புப் பையை வாங்கி உள்ளே வைத்தார். அக்கா எப்போதும் அப்படித்தான்.

ரமோனின் அண்ணனை நாங்கள் "அண்ணை" என்றே கூப்பிட்டோம். அவனும் அதுதான் தன் பெயர் என்பதுபோல் திரும்பிப் பார்ப்பான். கொஞ்சம் ஆங்கிலம், மீதி கை. அந்த மலைகளை உங்களுக்கு எப்படிச் சொல்வது? காலையில் பைன் மரக் காட்டில் விரல் விறைக்கும். மத்தியானம் பள்ளத்தாக்கின் அடியில் கள்ளிச் செடிகளுக்கு நடுவே உடம்பு அவியும். பாதை என்பது சில இடங்களில் ஆறு, சில இடங்களில் உருண்டைக் கல். ஓடுகிறபோது விழுந்தேன் என்று சொல்லமாட்டேன். விழுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் ஓடினேன். ராகினியோ மிதிகட்டையில் எழுந்து நின்று, முழங்காலை மடித்து, மாடிப்படி இறங்குவதுபோல மலையிறங்குவாள். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பொறாமை கொஞ்சம் கூட.

புழுதியும் ஒரு பிரச்சினை. முன்னால் போகிற பைக் கிளப்பும் புழுதியில் பின்னால் வருபவருக்குக் கண் தெரியாது. அதனால் நன்றாக இடைவெளி விட்டுத்தான் ஓடவேண்டும். கூட்டாகப் போனாலும் நாள் முழுக்க ஆளாளுக்குத் தனிதான். அதற்காக அண்ணை முதல் நாளே ஒரு சட்டம் சொன்னான். பாதை எங்கே பிரிகிறதோ அங்கே முன்னால் போகிறவர் நிற்கவேண்டும். பின்னால் வருகிறவரின் முகத்தைக் கண்ட பிறகுதான் புறப்படவேண்டும். சத்தம் கேட்டால் போதாது, மலை சத்தத்தை இங்குமங்கும் எறிந்து ஏமாற்றும். முகம். இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டி, பிறகு என் முகத்தைக் காட்டினான்.

எங்கள் இருவரில் எப்போதும் முன்னால் போவது ராகினி. எப்போதும் பின்னால் வருவது நான். ஒவ்வொரு சந்தியிலும் ஹெல்மெற்றைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் இருப்பாள். என் முகத்தைக் கண்டதும், "ஆறுதலா வாங்கோப்பா, மலை ஒரு இடமும் ஓடாது," என்பாள். வீட்டில் வேலை, பிள்ளை, வாடகை என்று ஓடிய எங்களுக்கு அப்படிக் கதைக்க நேரமே கிடைத்ததில்லை. எங்கள் தாம்பத்தியத்தில் நல்ல பேச்செல்லாம் அந்தச் சந்திகளில்தான் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் மலைமேல் இராணுவக் காவல். கயிறு ஒன்று குறுக்கே, தகரப் பீப்பாய்கள், துவக்குகளோடு நாலைந்து பெடியள். அண்ணை முன்னாலேயே போய் அவர்களோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தான். நான் வளைவு திரும்பிப் பார்த்தபோது, அவர்களுக்கு நல்ல தூரத்திலேயே ராகினி இறங்கிவிட்டிருந்தாள். என்ஜினை நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றிக் கைபிடியில் மாட்டி, அந்தப் பாரமான பைக்கை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. என் கையும் தானாக என்ஜினை நிறுத்தியது. நானும் இறங்கித் தள்ளினேன். ஊரில் ஆமியின் தடையைக் கண்டால் அப்படித்தான். தூரத்திலேயே இறங்கவேண்டும், தலையைக் காட்டவேண்டும், தள்ளிக்கொண்டுதான் கடக்கவேண்டும். ஓடிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

அந்தப் பெடியளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெற்றோல் தீர்ந்துவிட்டதாக்கும் என்று ஒருவன் கானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தால் நிறையப் பெற்றோல். அவன் எங்களைப் பார்த்தான், நாங்கள் அவனைப் பார்த்தோம். ராகினிதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், எங்களுக்குக் கோப்பி கூடத் தந்தார்கள். அடுத்த சந்திக்கு நான் வந்து சேர்ந்தபோது அவள் ஒரு கல்லில் இருந்தபடி விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள்.

"இவ்வளவு தூரம் வந்தும் இறங்கித்தானே தள்ளுறம், என்னப்பா," என்றாள்.

நான் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்குத்தான் அவளுடைய கையை வெளியிடத்தில் முதல்முதலாகப் பிடித்தேன். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள் அல்ல, தெரியும்தானே.

பிறகும் சில வருசங்கள் போனோம். அதில் ஒரு வருசம் நான் ஆற்று மணலில் விழுந்து, என் கால் பைக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தெடுத்து, வளைந்த கைபிடியை மரத்தில் வைத்து நிமிர்த்தி, ஒருவழியாகச் சந்திக்கு வர வெயில் சாய்ந்துவிட்டது. வேறு பாதையால் இறங்கிப்போய் ட்ரக் கொண்டுவந்து தேடுவோம் என்று அண்ணை எவ்வளவோ சொல்லியிருக்கிறான். அவள் அசையவில்லையாம். "அவர் வருவார்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு இருந்தாளாம். என் முகத்தைக் கண்டதும் அவள் அழவுமில்லை, ஓடிவரவுமில்லை. உரித்த தோடம்பழத்தின் பாதிச் சுளைகளை நீட்டினாள். மறுபாதியை எப்போதோ சாப்பிட்டிருக்கவேண்டும், நீட்டிய பாதி காய்ந்துபோயிருந்தது. அதைப்போல் இனிப்பான பழத்தை நான் பிறகு சாப்பிடவில்லை.

பிறகு மகளின் படிப்பு, ரூஜில் வாங்கிய வீடு, என் முழங்கால் என்று ஒவ்வொன்றாக வந்து அந்தப் பயணங்கள் நின்றுபோயின. ரமோன் ஊரோடு போய்விட்டான். அண்ணை பைக்குகளை விற்றுவிட்டான். ஒரு நாள் தமிழ்க் கடை வாசலில் ராகினி கார் நின்ற இடம் தெரியாமல் தடுமாறினாள். முதல்நாள் பார்த்த ஒரு மாட்டை அடையாளம் வைத்து மலையில் வழி கண்டுபிடித்தவள் அவள்.  பிறகு ரூஜ் வீட்டை விற்று, படியேறத் தேவையில்லாத இந்த மாடிக்கு வந்தோம்.

மகள் எங்களை ஆற்றுவதற்காக ஒருமுறை அந்த மலைப்பாதையைத் தன் போனில் தேடிக் காட்டினாள். தார் போட்டுவிட்டார்கள். ராகினி தோடம்பழத்தோடு காத்திருந்த சந்தியில் பெற்றோல் அடிக்கும் செற் ஒன்று நிற்கிறது. அந்தக் கல்லைக் காணவில்லை. நான் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துத் தேடினேன். ராகினி படத்தைப் பார்த்து, "வடிவான இடம், ஆரின்ரை ஊர்?" என்று கேட்டாள்.

ஆனால் ஒன்று மட்டும் அவளிடம் மிச்சம் இருந்தது. பின்னேரங்களில் எங்கள் மாடிக்குப் பின்னால் அந்தப் புல்வெளிப் பாதையில் நடப்போம். இப்போதும் அவள் முன்னால், நான் பின்னால். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நிற்பாள். திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். பிறகுதான் நடப்பாள். ஒவ்வொரு நாளும் அந்த இடம் வரும்வரை எனக்கு மூச்சு வராது.

நேற்று மத்தியானம் மகள் போனில் கூப்பிட்டாள். "அப்பா, உங்களாலை தனிய ஏலாது. அம்மாவைப் பராமரிக்க நல்ல ஹோம் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். ஜஸ்ட் வந்து பாருங்கோவன், ப்ளீஸ்."

"அம்மா இன்னும் சந்தியிலை நிண்டு என்ரை முகத்தைப் பாத்திட்டுத்தான் போறா," என்றேன். "என்னை அவவுக்குத் தெரியும். தெரியாமல் போனால் பிறகு கதைப்பம்."

அவள் அழுதாள். நானும் பிடிவாதமாகப் போனை வைத்துவிட்டேன்.

பின்னேரம் நடக்கப் போனோம். காலையில் ஓடிய பைக்கின் சில்லுத்தடம் மண்ணில் இருந்தது. ராகினி அதைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். வழக்கத்தைவிட வேகமாகவும் நடந்தாள், நான் பின்தங்கிவிட்டேன். பாதை பிரியும் இடத்தில் நின்றாள். அப்பாடா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கிட்டப் போனேன். என் முகத்தைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். நடக்கவில்லை.

"வாரும், போவம்," என்றேன்.

மரியாதையாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள்.

"நீங்கள் போங்கோ அண்ணை. என்ரை மனுசன் பின்னாலை வாறார். அவர் மெதுவாத்தான் ஓடுவார். முகத்தைக் கண்டிட்டு வாறன்."

நான் எங்கே போவது? அவளுக்குப் பக்கத்தில் நின்று, நாங்கள் வந்த பாதையை நானும் திரும்பிப் பார்த்தேன். நாயைக் கூட்டிக்கொண்டு ஒருவர் எங்களைக் கடந்து போனார். அவருடைய முகத்தையும் பார்த்தாள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, மகளாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை.

"வருவாரோ?" என்று கேட்டேன். வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ஓம், வருவார்," என்றாள்.

குளிர் ஏறத் தொடங்கியது. என் மேலங்கியைக் கழற்றி அவளுக்குப் போட்டேன். யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல நன்றி சொன்னாள். கம்பிகளுக்குக் கீழே பாதை கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெறுமையாகக் கிடந்தது. வீதி விளக்குகள் எரியத் தொடங்கும்வரை நின்று பார்த்தோம். அவர் வரவில்லை.