தம்பியின் நம்பிக்கையைத் தேடிப் பம்பாய்க்கு

பம்பாய்க்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் தம்பி சுப்பையா போட்ட ஒரு கார்டினால் போனேன். அவன் அங்கே எம்.ஏ. படிக்கிறான். பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் தவறாமல் எழுதுகிறவன், மார்கழி முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, தை பிறந்ததும் மூன்றே வரி எழுதியிருந்தான். 'அண்ணாச்சிக்கு, எனக்கு நம்பிக்கை அற்றுப்போயிற்று. இத்தனை வருஷம் கும்பிட்டதெல்லாம் வெறும் கல். இந்த வருஷம் பரீட்சை எழுதுவது சந்தேகம்.'

நான் அம்பாசமுத்திரத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவன். படிப்பு எட்டாவதோடு நின்றுபோயிற்று. முருகனுக்கு விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. 'கல்' என்ற சொல்லைப் படித்ததும் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி அழுதேவிட்டாள்.

"எவனோ நாஸ்திகன் புள்ளையப் பிடிச்சிட்டான். போயி கையோட கூட்டிட்டு வாங்க."

நாற்பத்திரண்டில் 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியின்போது இதே தம்பி காலேஜை விட்டு ஜெயிலுக்குப் போய் எட்டு மாசம் இருந்தான். அவன் நல்லபடி வெளியே வந்தால் ஆயுசு முழுக்கக் கதர்தான் உடுத்துவேன் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டேன். வந்தான். அன்று முதல் என் உடம்பில் வேறு துணி பட்டதில்லை. அப்படிக் காப்பாற்றிக் கொடுத்த சாமியையா கல் என்கிறான்? திருச்செந்தூர் போய், பன்னீர் இலையில் மடித்த விபூதி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

சென்னை எழும்பூரில் இறங்கி, ஜட்கா வண்டிக்கு எட்டணா கொடுத்து சென்ட்ரல் போய்ப் பம்பாய் வண்டி பிடித்தேன். அங்கிருந்து சுமார் எண்ணூறு மைல். மூன்றாம் வகுப்பில் உட்கார இடம் கிடைத்ததே தெய்வச் செயல். குண்டக்கல் வரைக்கும் தமிழ் கேட்டது, அப்புறம் தெலுங்கு, வாடி ஜங்ஷன் தாண்டியதும் எனக்கு வாயே தேவைப்படவில்லை. புதன்கிழமை விடியற்காலம் புனாவில் ஒருவர் ஏறி எதிரே உட்கார்ந்தார். பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவில் குடியிருப்பு, பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஆபீஸ்.

"எங்கே போறேள்?"

"தாராவி."

"அப்ப தாதர்ல இறங்கி, வந்த வழியே லோக்கல்ல திரும்பிப் போகணும். சயான் ஸ்டேஷன். லோக்கல் நிக்கறது அரை நிமிஷந்தான். மூட்டையை முதல்ல தூக்கிப் போட்டுட்டு அப்புறம் குதிக்கணும். மூட்டை மட்டும் இறங்கி நீங்க தாணேக்குப் போயிடாதேங்கோ!"

தாதரில் ஒரு அணா டிக்கெட். மாட்டுங்கா அடுத்த ஸ்டேஷன், அதற்கடுத்தது சயான். மூட்டை இறங்கியது, நானும் இறங்கினேன்.

தாராவி என்றால் என்னவென்று நான் யோசித்தும் பார்த்ததில்லை. கால் மைல் தூரத்திலேயே தோல் பதனிடும் வாடை வந்தது. சதுப்பு நிலத்தின் ஓரமாகத் தகர வீடுகள். ஆனால் தெருக்குழாயில் குடம் வைத்துச் சண்டை போட்ட பெண்கள் எல்லாரும் நம் ஜில்லாப் பேச்சுத்தான் பேசினார்கள். கண்ணை மூடிக்கொண்டால் பாளையங்கோட்டைச் சந்தை.

தம்பி காலேஜுக்குப் போயிருந்தான். அவனோடு அறையில் இருக்கும் காதர் சாயபு என்னை வரவேற்றார். மேலப்பாளையத்துக்காரர், தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார்.

"வாங்க அண்ணாச்சி. தம்பி சொல்லலியே, நீங்க வாரியன்னு!"

நான் மூட்டையைக் கூட வைக்காமல் கேட்டேன். "தம்பி சாமி கும்பிடுதானா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாக் கேட்டியளே! விடிய அஞ்சு மணிக்கு 'முருகா'ன்னு ஒரு சத்தம் போட்டுட்டுத்தான் எந்திரிப்பான். நாலு வருசமா என் தூக்கத்தைக் கெடுக்கதே உங்க முருகந்தான்."

எனக்குப் பாதி உயிர் வந்தது. மறு பாதி குழம்பிப்போயிற்று. பிறகு எதைக் கல் என்றான்?

சாயங்காலம் தம்பி வந்தான். நெற்றியில் விபூதி இருந்தது. உடம்பில் கதர் இல்லை. மில் வேட்டி, மில் சட்டை. என்னைப் பார்த்துத் திகைத்து, காலைத் தொட்டுவிட்டு, கார்டைப் பற்றி நான் கேட்டதும் சிரித்தான். சிரிப்பு நிலைக்கவில்லை.

"சாமியச் சொல்லல அண்ணாச்சி. கட்சியச் சொன்னேன்."

"கட்சியையா கும்பிட்டே?"

"ஆமா" என்றான்.

மெல்ல மெல்லச் சொன்னான். சுதந்திரம் வந்தபின், முன்பு ஜெயிலுக்குப் போனவர்களுக்குச் சலுகைகள் வந்தனவாம். போனதற்குச் சாட்சி, உடனிருந்த ஒருவன் கையெழுத்து. கட்சி ஆபீஸில் இவனைக் கூப்பிட்டு, 'இவர் என்னோடு ஜெயிலில் இருந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம்.

"பதினோரு பேருக்குப் போட்டேன் அண்ணாச்சி. நெசமா எங்கூட இருந்தவுக ரெண்டே பேரு. மொதக் கையெழுத்துக்குக் கை நடுங்குச்சு. நாலாவதுக்கு நடுங்கல. அதான் பயந்துட்டேன்."

அதற்குமேல் அந்தப் பக்கம் போகவில்லையாம். ஆனால் கட்சி வேலையாக அலைந்த நாட்களில் காலேஜுக்கு மட்டம் போட்டதால், பரீட்சைக்கு உட்காரத் தேவையான ஆஜர் நாள் குறைந்துவிட்டது. 'ஜெயிலுக்குப் போன தியாகி' என்று கட்சி ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தால் காலேஜில் மன்னித்துவிடுவார்கள். சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இவன் கேட்கமாட்டேன் என்கிறான். ஒரு வருஷம் வீண்.

வியாழக்கிழமை சாயங்காலம் என்னைச் செம்பூருக்கு அழைத்துப் போனான். குர்லாவில் வண்டி மாற வேண்டும். செம்பூரில் சிந்து தேசத்திலிருந்து வந்த அகதிகள் பட்டாளத்துப் பழைய கொட்டகைகளில் சாக்கைத் தட்டியாகக் கட்டிக் குடும்பம் நடத்துகிறார்கள். தம்பி ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து விட்டுவந்த வீடு வாசலுக்கு ஈடு கேட்டு அவர்களுக்கு இங்கிலீஷில் மனு எழுதினான். கிழவர் ஒருவர் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை வைத்தார். சிந்துவில் அவருக்கு இருந்தது இரண்டு அறை வீடு; மனுவிலும் இரண்டு அறை என்றே எழுதச் சொன்னார். பக்கத்திலிருந்தவர் நாலு என்று எழுதும்படி கை காட்டினார். கிழவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். வரும் வழியெல்லாம் தம்பி அதையே பேசிக்கொண்டு வந்தான்.

எனக்கு அதெல்லாம் மனசில் ஏறவில்லை. இவன் பரீட்சைதான் கண்முன் நின்றது. வெள்ளிக்கிழமை காலை அவன் போனதும், காதர் சாயபுவிடம் வழி கேட்டு, மாட்டுங்காவில் இருந்த அந்தக் கட்சி ஆபீஸுக்கு நானே போனேன். போகிற வழியில் கோயிலில் ஒரு கும்பிடு, காபி கிளப்பில் இரண்டு இட்லி, ஒன்றரை அணா. இட்லி நம் ஊர் இட்லிதான். சாம்பாரில் மட்டும் சர்க்கரை போட்டிருந்தார்கள்.

ஆபீஸில் இருந்தவர் தமிழர். என்னைக் கண்டதும் எழுந்தே நின்றார்.

"பைட்டோ, பைட்டோ. உட்காருங்கோ. எந்த ஜெயில்?"

"நான் ஜெயிலுக்குப் போகலைங்க."

"அதனால என்ன? கதரைப் பார்த்தாலே தெரியறதே. எத்தனை மாசம்னு போடட்டும்?"

"நான் மருந்துக் கடை வச்சிருக்கேன். கடிதாசி எனக்கில்ல, என் தம்பிக்கு."

"கடையா? அப்ப பர்மிட்டுக்கு ஆகுமே! உங்களுக்கும் ஒண்ணு சேர்த்து ரெண்டா அடிச்சுடறேன்."

மன்றாடித்தான் ஒன்றோடு நிறுத்தினேன். தம்பி பெயரைச் சொன்னதும், "நல்ல பையன். கொஞ்சம் கோபக்காரன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு நிமிஷத்தில் டைப் மெஷினில் அடித்துக் கொடுத்தார். காபியும் வரவழைத்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல என்னால் ஆகவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கடிதத்தைத் தம்பியிடம் நீட்டினேன். படித்தான். முகம் மாறிற்று.

"பத்து மாசம்னு போட்டிருக்கு. நான் இருந்தது எட்டு."

"கை தவறிருக்கும்லே."

"இல்ல அண்ணாச்சி. எட்டுன்னா கம்மியாத் தெரியும்னு ரெண்டு கூட்டிருக்காரு. பிரியமாத்தான் செஞ்சிருக்காரு."

காதர் சாயபு சப்பாத்தியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "இதுக்கா மூஞ்சியத் தூக்குத? இன்னும் ரெண்டு மாசம் ஜெயில்ல இருந்துட்டு வந்துரு. சரியாப் போயிரும்."

எல்லாரும் சிரித்தோம். பிறகு நான் கேட்டேன். "மத்ததெல்லாம் நெசந்தானலே?"

"நெசந்தான். என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

சொல்லத்தான் எண்ணூறு மைலுக்கு மேல் வந்தேன். ஆனால் மடியிலிருந்த விபூதியை எடுத்துக் கொடுத்து, "சாமி வழி காட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் தாதரில் வண்டி ஏற்றிவிட்டான். வழிக்கு இட்லிப் பொட்டலம் ஒன்று கொடுத்தான். நெற்றி நிறைய விபூதி. "நேரா காலேஜுக்குத்தான் போறேன் அண்ணாச்சி" என்றான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

புனாவில் பொட்டலத்தைப் பிரித்தேன். இட்லிக்கு மேலே அந்தப் பன்னீர் இலை. விபூதி இல்லை, அதை அவன் வைத்துக்கொண்டான். இலைக்குள் எட்டாக மடித்த ஆபீஸ் கடிதம் இருந்தது. அதன் பின்புறம் பென்சிலால், 'எட்டுதான் அண்ணாச்சி. அடுத்த வருஷம் பரீட்சை எழுதுகிறேன்' என்று எழுதியிருந்தான். அழ வேண்டுமா, மெச்ச வேண்டுமா என்று தெரியாமல் ஷோலாப்பூர் வரைக்கும் இலையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

வீடு வந்ததும் மனைவி கேட்டாள். "தம்பிக்கு நம்பிக்கை திரும்பிருச்சா?"

"அவனுக்குப் போகவேயில்லை" என்றேன்.

இங்கே தெருவில் நான் போனால், கதரைப் பார்த்து இரண்டு பேர் கும்பிடுவார்கள். முன்பெல்லாம் அது முருகனுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொள்வேன். இப்போது 'எந்த ஜெயில்?' என்று அந்த மனுஷர் கேட்டதே காதில் விழுகிறது. நேர்ந்துகொண்டதை விட முடியாது. உடுத்திக்கொண்டு வெளியே போகவும் கூசுகிறது. ஆகவே பூஜைக்குக் கதர் உடுத்தி, கடைக்கு மில் வேட்டி மாற்றிக்கொண்டு போகிறேன். இது சரிதானா என்று தம்பிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.