படிக்கட்டில் அழும் பெண்ணின் குரல்

போன செவ்வாய்க்கிழமை நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். இந்தப் பத்தியில் சிரிக்கலாம் என்று வந்தவர்கள் கோபிக்க வேண்டாம்... எனக்கே இந்த வாரம் சிரிப்பு வரவில்லை.

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் கட்டடத்தில் எனக்கு எதிர்க் கதவு பிறவ் கெல்லர். 'பிறவ்' என்றால் திருமதி. எண்பத்திரண்டு வயது. மூன்று வருடத்துக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரம். அதன் மேல் எப்போதும் ஒரு பட்டுத் துணி.

கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு சின்ன இயந்திரம் கொடுத்தார்கள். ஒரு தரம்தான் பேசிப் பார்த்தார். மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டார். அதன் பிறகு எல்லாம் எழுத்துத்தான் — பிள்ளைகள் எழுதிப் பழகுகிற வெள்ளைப் பலகை ஒன்று கையில். எனக்கு மட்டும் பெரிய எழுத்தில், சின்னச் சின்னச் சொல்லாக எழுதுவார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். டொச் மொழியை, அதுதான் ஜேர்மனை, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்.

ஏன் அந்த இயந்திரத்தை வெறுத்தார் என்று எனக்குத் தெரியும். அவர் நடிகையாக வேண்டும் என்று வீட்டை விட்டு வந்தவர்.

இளம் வயதில் மியூனிக் நகரத்தில் ஏறி இறங்காத நாடக அரங்கு இல்லையாம். எல்லா இடத்திலும் ஒரே பதில் — "நன்றி, அடுத்தவர்." முகம் பரவாயில்லை, குரல்தான் தடிப்பு, காதலி வேடத்துக்குச் சரிவராது என்றார்களாம். கடைசியில் அதே குரலுக்காக ஒருவர் கூப்பிட்டார். நாடகத்துக்கு அல்ல. ஹொலிவூட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை இங்கத்தைய தொலைக்காட்சிக்காக டொச் மொழியில் மாற்றினார்கள். அதில் ஒரு பெண்ணுக்குக் குரல் கொடுக்க.

படத்தின் கதை என்ன தெரியுமா? நாடகத்தில் நடிக்கப் பெரிய நகரத்துக்கு வந்த பெண்கள். ஓர் அறையில் மூன்று பேர். நல்ல சப்பாத்து ஒரு சோடிதான். யாரைத் தேர்வுக்குக் கூப்பிடுகிறார்களோ, அவள் அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு போவாள். ஒருத்தி பெரிய நட்சத்திரம் ஆகிறாள். ஒருத்தி பணக்காரனைக் கட்டுகிறாள். மூன்றாமவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. படிக்கட்டில் இருந்து அழுதுவிட்டு ரயில் ஏறி ஊருக்குப் போகிறாள்.

பிறவ் கெல்லரின் குரல் அந்த மூன்றாமவளுக்கு. பன்னிரண்டு வசனம்.

மேடை கிடைக்காத பெண்ணுக்குக் குரல் கொடுக்க, மேடை கிடைக்காத பெண்ணையே பிடித்திருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான ஆளை எங்கே போய்த் தேடுவது?

அதோடு சரி. பிறகு யாரும் கூப்பிடவில்லை. மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்றார்.

குரல் இருந்த காலத்தில் இந்தக் கதையை, செவ்வாய்தோறும் நாங்கள் போகிற முதியோர் சந்திப்பில் நூறு தரம் சொல்லியிருப்பார். இருட்டறையில் மைக்குக்கு முன்னால் நிற்க வேண்டுமாம். படத்தைத் துண்டு துண்டாக ஓட்டுவார்களாம். திரையில் அவள் வாய் திறக்கும்போது திறந்து, மூடும்போது மூட வேண்டுமாம். எங்களோடு வேர்னர் என்று ஒருவர் வருவார், ஓய்வுபெற்ற தபால்காரர். பிறவ் கெல்லர் கதையைத் தொடங்கியதும், "வந்திட்டா ஹொலிவூட்! கோப்பியைக் குடியுங்கோ, ஆறப்போகுது" என்பார். அவர்கள் பேசுவது டொச் மொழிதான். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

இந்த மாரியில் ஒரு நாள் பிறவ் கெல்லர் பலகையில் எழுதிக் காட்டினார். 'என் குரலை ஒரு தரம் கேட்க வேண்டும்.'

பிள்ளைகள் இல்லை. பதிந்து வைத்த நாடா இல்லை. அந்தக் குரல் உலகத்தில் எங்காவது இருக்கிறது என்றால், அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

சந்திப்பை நடத்துகிறவள் பிரவீனா, எங்கள் ஆள். ஆறு வயதில் இங்கே வந்தவள். இப்போது அவளுக்கே தலை நரைக்கிறது. அவளிடம் சொன்னேன். இரண்டு வாரத்தில் தொலைபேசி எடுத்தாள்.

"அன்ரி, படம் கிடைச்சிட்டுது! பெட்டியில டொச் எண்டு போட்டிருக்கு."

"அப்ப அவவின்ர குரல்தானே பிள்ளை?"

"ஓம், வேற ஆற்ற குரல் வரப்போகுது? ஆனா ஒண்டு... படம் போட முதல் நீங்கள்தான் ரெண்டு வசனம் சொல்லவேணும்."

"ஐயோ, என்னால ஏலாது."

"நீங்கள்தானே அவவின்ர சிநேகிதி. பயப்பிடாதேங்கோ, நான் சொல்லித் தாறன்."

நாற்பது வருடமாக இந்த நாட்டில் நான் மைக் தொட்டதில்லை. கூட்டம் என்றால் கடைசிக் கதிரைதான் எனக்கு. ஆனாலும் படம் போட்ட அன்றைக்கு எழுந்து நின்றேன். "படிக்கட்டில் அழுகிற பெண்ணின் குரலைக் கவனியுங்கள். அது எங்கள் பிறவ் கெல்லர்." அவ்வளவுதான். எல்லாரும் கை தட்டினார்கள். பிறவ் கெல்லர் தலைமயிரைச் சலூனில் சுருட்டி, உதட்டுக்குச் சாயம் பூசி, முன்வரிசையில் இருந்தார். நான் பக்கத்தில்.

திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். படம் தொடங்கியது. மூன்றாமவள் வந்தாள். பேசினாள்.

மெல்லிய குரல். கீச்சுக் குரல்.

இளமையில் எல்லாருக்கும் குரல் மெலிதாகத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பிறவ் கெல்லரின் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் அப்படிச் சொல்ல முடியவில்லை.

பின்னால் இருந்து வேர்னரின் குரல் வந்தது. "எங்கை அந்தத் தடிச்ச குரல்? டொக்டர் அதையும் சேர்த்து வெட்டிப்போட்டாரோ?" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு முட்டி நோவு வந்தபோது சூப் கொண்டுவந்து தந்தவர்கள்.

படிக்கட்டுக் காட்சி வந்தது. திரை வெளிச்சம் பிறவ் கெல்லரின் முகத்தில் விழுந்தது. அப்போதுதான் கண்டேன் — அவர் உதடு அசைந்தது. திரையில் இருப்பவள் வாய் திறக்கிற அதே நேரம் திறந்தது. மூடுகிற அதே நேரம் மூடியது. அந்தக் கீச்சுக் குரல் அவசரமாகப் பேசி முடித்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பெண்ணின் உதடு அசைந்துகொண்டிருந்தது. இவருடையதும். இரண்டும் ஒன்றாக நின்றன.

ஐம்பது வருடத்துக்கு முன் இருட்டறையில் பழகியது. ஒரு மயிரிழை தவறவில்லை. சத்தம் மட்டும் இல்லை.

படம் முடிந்ததும் பிரவீனா கைபேசியில் தேடினாள். முதலில் செய்த ஒலிப்பதிவு பழுதாகிவிட்டதாம். பல வருடம் கழித்து வேறு ஆட்களை வைத்துப் புதிதாகக் குரல் கொடுத்திருக்கிறார்கள். பழையது எங்கே என்று யாருக்கும் தெரியாதாம். ஒரே படத்துக்கு இரண்டு டொச் இருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

தோற்றுப்போனவளுக்குக் குரல் கொடுக்கிற வேலை ஒன்று கிடைத்தது. அதிலிருந்தும் ஆளை மாற்றிவிட்டார்கள்.

இனித்தான் போன செவ்வாய். பிறவ் கெல்லர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். நிமிர்ந்து இருந்தார். பிரவீனா எல்லாருக்கும் விளக்கினாள். வேர்னர் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார்: "அப்ப ஒருத்தருக்கும் கேட்கேலாத குரல்! நல்ல வசதிதான்."

உதடு அசைந்ததைப் பிரவீனாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். "அன்ரி, நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள். கண்டதைச் சொல்லுங்கோவன்."

எல்லாரும் பார்த்தார்கள். பிறவ் கெல்லரும் பார்த்தார்.

உதட்டுக்கு டொச் மொழியில் என்ன என்று எனக்குத் தெரியும். வாய்க்கு என்ன என்றும் தெரியும். "நான் கண்டேன்" என்று சொல்லவும் தெரியும். மூன்று சொல் போதும். ஆனால் போன தடவை நான் எழுந்து சொன்னதால்தானே இவ்வளவும் வந்தது என்று ஓர் எண்ணம்... மறுபடியும் சொல்லி, மறுபடியும் சிரித்தால்? கோப்பியை எடுத்துக் குடித்தேன். சூடே இல்லாத கோப்பி.

யாரோ வானிலை பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

வீடு திரும்பும்போது லிஃப்டில் நாங்கள் இருவரும்தான். பிறவ் கெல்லர் பலகையில் எழுதி என்னிடம் திருப்பினார். எனக்கென்றே பெரிய எழுத்தில். 'பரவாயில்லை.'

இந்தச் செவ்வாய் அவர் வரவில்லை. கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது, திறக்கவில்லை.

நட்சத்திரமாகிறவளைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ரயில் ஏறிப் போகிறவளுக்குச் சாட்சி சொல்ல ஓர் ஆள் போதும். அந்த ஓர் ஆளாக நான் இருந்தேன். இருந்தும் என்ன?

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். பிறவ் கெல்லர் பொய் சொல்லவில்லை. அந்தப் பன்னிரண்டு வசனமும் அவருடையவை. நான் கண்ணால் கண்டேன்.

பாருங்கள், எவ்வளவு துணிவாக எழுதிவிட்டேன் — வேர்னருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்!