ஒரு கோடுகூட வராத வட்டம்

கல்வி உளவியல் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கலைச்சொற்கள் வரிசையாக இருந்தன. அவற்றை நான் பஸ்ஸில்தான் மனப்பாடம் செய்தேன். ஆம்பூரில் ஏறினால் வேலூரைத் தாண்டி இருந்த எங்கள் பி.எட். கல்லூரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஊக்கம், கவனம், மறத்தல், கற்றல் மாற்றம், தனியாள் வேறுபாடு என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏதோ ஜெபம் செய்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருடம் ஷூ கம்பெனியில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவள். முதலில் தையல், பிறகு தைத்து முடித்த ஷூவின் மேல்தோலைப் பரிசோதிக்கும் செக்கிங் மேசை. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அம்மாவின் கட்டிலை ஒட்டி உட்கார்ந்துதான் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தேன். அம்மா போனபின் வேலை முடிந்து வீட்டைத் திறக்கும்போது ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதிக்குப் பயந்துதான் பி.எட். சேர்ந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எல்லோரிடமும், “டீச்சர் ஆகணும்னு சின்ன வயசு ஆசை” என்று சொல்லி வைத்தேன்.

சில சொற்கள் படித்த உடனே புரிந்தன. எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை என்றுதான் வகுப்பில் எல்லோரும் எழுதினார்கள். அது தண்டனை இல்லை. பிடிக்காத ஒன்றை விலக்கி, அதன் வழியாக ஒரு பழக்கத்தை வளர்ப்பது. நான் எழுந்து கம்பெனியைச் சொன்னேன். “எங்க சூப்பர்வைசர் பின்னாடி நின்னு கத்திக்கினே இருப்பாரு மேடம். டார்கெட் பீஸ் வந்துட்டா அடுத்த லைனுக்குப் போய்டுவாரு. அவரு போறதுக்காகவே நாங்க வேகமா தைப்போம்.”

விரிவுரையாளர் மேடம் சிரித்துவிட்டார். “இதவிட நல்ல உதாரணம் எங்கிட்டயே இல்ல” என்றார். முன்வரிசைப் பெண் திரும்பி, “சூப்பர் அக்கா” என்றாள். மதியம் மற்றவர்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் வகுப்பிலேயே சாப்பிட்டேன். யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

வேறு சில சொற்கள் வலித்தன. கற்றறிந்த இயலாமை என்று ஒன்று. எவ்வளவு முயன்றும் பயனில்லை என்று பழகிப்போன உயிர், பிறகு முடியக்கூடியதற்கும் கை நீட்டாது. அம்மாவின் வலது கை கடைசி வருடத்தில் கொஞ்சம் அசைந்தது. தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால் தானே ஒரு வாய் எடுத்திருப்பாளோ என்னவோ. கம்பெனி வேனுக்கு நேரமாகிவிடும் என்று நானே அவசர அவசரமாக ஊட்டிவிட்டுப் போய்விடுவேன். அந்தப் பக்கத்தை மட்டும் நான் மனப்பாடம் செய்யவில்லை.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் மேடம் சோஷியோகிராம் நடத்தினார். ஒரு வகுப்புக்குள் யார் யாரோடு நெருக்கம் என்பதைக் காட்டும் படம் அது. ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய மூன்று பேரை எழுதித் தர வேண்டும். ஆளுக்கொரு வட்டம் போட்டு, யார் யாரைத் தேர்ந்தார்களோ அவர்களை நோக்கி அம்புக்கோடு இழுக்க வேண்டும். நிறைய கோடுகள் வந்து சேர்கிறவர் நட்சத்திரம். தானும் சிலரைத் தேர்ந்து, தன்னை மட்டும் யாரும் தேராதவர் புறக்கணிக்கப்பட்டவர். தானும் யாரையும் எழுதாமல், தன்னையும் யாரும் எழுதாமல் இருக்கிறவர் தனியர்.

எங்கள் வகுப்பையே வைத்துச் செய்து காட்டினார். ரகசிய எண் கொடுத்தார். எனக்குப் பதினேழு. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். நான் யாரையாவது எழுதி, அவர்கள் என்னை எழுதாமல் போனால்? எதுவும் எழுதாமலே சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பலகையில் படம் விரிந்தது. நடுவில் கோடுகள் நூல்கண்டு மாதிரிச் சிக்கிக் கிடந்தன. வலது ஓரத்தில் பதினேழு தனியாக இருந்தது.

“யாரு மேடம் அந்தப் பதினேழு?” என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான்.

“சொல்லக்கூடாது. பேரு வெளிய போகவே கூடாது. இந்தச் சோதனைக்கு அதான் மொத விதி” என்றார் மேடம். எல்லோரும் அக்கம்பக்கம் பார்த்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து அந்தப் பதினேழைத் தேடுகிறவள் மாதிரிக் கழுத்தைத் திருப்பினேன்.

அடுத்த மாதம் கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் ஊர்ப்பக்கமே ஒரு அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். எனக்கு எட்டாம் வகுப்பு. உளவியல் செய்முறைக்காக அந்த வகுப்பில் நானும் ஒரு சோஷியோகிராம் போட வேண்டியிருந்தது. “உங்க பக்கத்துல யாரு குந்தினா உங்களுக்குப் பிடிக்கும்? மூணு பேர எழுதுங்க” என்றேன். பிள்ளைகள் ஆரவாரமாக எழுதித் தந்தார்கள்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். கலவை ஊர்ப்பக்கத்திலிருந்து முந்தின வருடம் வந்து சேர்ந்தவள். அம்மா ஷூ கம்பெனியில் வேலை. சராசரியாகப் படிப்பாள், கேட்டால் பதில் சொல்வாள், சண்டைக்குப் போகமாட்டாள். அவள் சீட்டு மட்டும் நீளமாக இருந்தது. மூன்று பேரை எழுதி, கேட்காமலேயே காரணமும் எழுதியிருந்தாள். ஒருத்தி நன்றாகப் பாடுவாள். ஒருத்தி அழிரப்பர் கேட்டால் உடனே தருவாள். மூன்றாமவள் பெயருக்கு எதிரில், “சிரிச்சா எனக்கும் சிரிப்பு வரும்” என்று இருந்தது. அவளை யாரும் எழுதவில்லை. யாரும் அவளை வெறுத்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. எழுதும் நேரத்தில் யார் நினைவுக்கும் அவள் வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவில் சார்ட் வரைந்தேன். கையில் ஒரு வேலை இருந்ததே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எண் போட்டால் எனக்கே குழம்புகிறது என்று வட்டங்களுக்குள் பெயரையே எழுதினேன். பள்ளிக்குக் கொண்டுபோகும் முன் வேறு தாளில் எண்ணோடு மாற்றிவிடலாம் என்று இருந்தேன். மாற்றவில்லை. படம் அழகாக வந்திருந்தது. பள்ளிக்குப் பார்வையிட வரும் மேடத்திடம் அதைக் காட்டும் ஆசை விதியைவிடப் பெரிதாகிவிட்டது.

திங்கட்கிழமை இரண்டாவது பாடவேளையில், வருகைப் பதிவில் கையெழுத்துப் போடத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சுருட்டிய சார்ட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மேசையைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். சார்ட் விரிந்து கிடந்தது.

“டீச்சர், இவளுக்கு ஒரு கோடுகூட வரல!” என்று ஒருவன் உரக்கச் சொன்னான். சிரிப்புச் சத்தம் எழுந்தது. அழிரப்பர் தருகிறவள் தன் வட்டத்தில் வந்து முட்டிய கோட்டை விரலால் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு மூன்றாவது பெஞ்சின் பக்கம் திரும்பினாள்.

“என்னை இன்னாத்துக்கு எழுதின?” என்றாள். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

மூன்றாவது பெஞ்சுப் பெண் பென்சில்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கி மூடினாள். நான் சார்ட்டைச் சுருட்டினேன். எல்லோரையும் உட்காரச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினேன். என்ன பாடம் நடத்தினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அன்று சாயங்காலம் பதிவேட்டில் முகவரி பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன். நெருக்கமான சந்து, ஒரே அறை வீடு. அவள் அம்மா அப்போதுதான் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்திருந்தாள். கம்பெனியின் நீல ஓவர்கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. பதினோரு வருடம் என் உடம்பிலிருந்த அதே தோல், பசை வாசனை.

“வயித்து வலின்னு படுத்துக்கினு இருக்கா. இன்னா நடந்துச்சி டீச்சர்?” என்று கேட்டாள்.

வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் இறுகியது.

“நீங்க படிக்கிறதுக்கு எம்பொண்ணுதான் கெடச்சாளா?”

“தப்புதாம்மா. என் தப்பு.”

“நானும் கம்பெனி லைன்ல தனியாத்தான் குந்தி சாப்பிடறேன். எனக்குப் பழக்கமாய்டுச்சி. அவளுக்கு ஏன் இப்பவே தெரியணும்?”

அந்த அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கோபத்திலும் கொடுத்தாள். அறைக்குள் அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து, முதுகைப் பார்த்துப் பேசினேன்.

“எங்க காலேஜ்லயும் இதே மாதிரி எழுதச் சொன்னாங்கம்மா. என்னையும் யாரும் எழுதல.”

அவள் திரும்பாமலேயே கேட்டாள். “நீங்க யார எழுதினீங்க?”

“நானா? யாரையும் எழுதல.”

இப்போது எழுந்து உட்கார்ந்தாள். தலை கலைந்திருந்தது. கண்கள் வீங்கியிருந்தன. “ஏன் டீச்சர்?”

“பயம். நான் எழுதி அவங்க எழுதலன்னா?”

“நான் எழுதினேனே” என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை, குற்றம் சாட்டவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் படுத்துவிட்டாள்.

நடந்தே வீடு திரும்பினேன். புறக்கணிக்கப்பட்டவருக்கும் தனியருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேர்வுக்காக எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். பாதி வழியில்தான் அது எனக்கு உறைத்தது. அந்தக் குழந்தை மூன்று பேரைத் தேடிப் போயிருந்தாள். நான் ஓரடிகூட வைத்ததில்லை. கம்பெனியில் பதினோரு வருடத்தில் யார் வீட்டுக்காவது போயிருக்கிறேனா என்று யோசித்தேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எப்போதும் ஒரு காரணம் இருந்தது. அம்மா போனபிறகும் அந்தக் காரணத்தையே வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். திட்டினார். வகுப்பில் பிள்ளைகள் முன்னால் சார்ட்டைக் கிழித்துப் போட்டேன். “இது யாரு நல்லவங்க, யாரு கெட்டவங்கன்னு காட்டற படம் இல்ல. இத உங்க கண்ணுல பட வச்சது நான் பண்ண தப்பு” என்றேன். எத்தனை பேருக்குப் புரிந்ததோ. மேடத்திடமும் மறைக்கவில்லை. அவர் செய்முறை மதிப்பெண்ணைக் குறைத்தார். அது நியாயம்தான்.

அந்தப் பெண் திங்கட்கிழமை வந்தாள். நான் சமூக அறிவியல் பாடத்தைக் குழுவாகச் செய்ய வைத்தேன், இடங்களை மாற்றி மாற்றி உட்கார வைத்தேன், புத்தகத்தில் சொன்னதையெல்லாம் செய்தேன். அவள் எழுதிய மூவரில் ஒருத்தியும் அவளோடு ஒட்டவில்லை. ஆனால் அவள் எழுதாத ஒரு பெண், வீட்டுக்குப் போகும் வழி ஒன்று என்பதால், பள்ளி விட்டதும் அவளுக்காகப் பள்ளி கேட் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தாள். அதில் என் பங்கு எதுவும் இல்லை. பயிற்சி முடிந்து நான் கிளம்பும்போது இருவரும் ஒரே மாங்காய்த் துண்டை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

கல்லூரிக்குத் திரும்பிய முதல் நாள் மதியம், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். “நானும் இங்க குந்தலாமா?” என்றேன். முன்வரிசைப் பெண் நகர்ந்து இடம் விட்டாள். “உங்களக் கூப்பிட எங்களுக்குத்தான் பயம்கா. பெரியவங்க, இன்னா நெனச்சிக்குவீங்களோன்னு” என்றாள். மீதி நான்கு மாதமும் அங்கேதான் சாப்பிட்டேன். தேர்வு முடிந்ததும் அவரவர் திசையில் போய்விட்டார்கள். வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பண்டிகைக்கு வாழ்த்துப் படங்கள் வரும். நானும் அனுப்புவேன்.

இப்போது ராணிப்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறேன். வீட்டைத் திறந்தால் இன்னமும் சத்தம் இல்லை. சில சாயங்காலங்களில் கீழ்வீட்டு அம்மாவிடம் போய், “காப்பி போடப்போறேன், உங்களுக்கும் போடட்டுமா?” என்று கேட்கிறேன். சில நாள் சரி என்பாள். சில நாள் வேலை இருக்கிறது என்பாள். வேண்டாம் என்று அவள் சொல்லும்போது இன்னும் முகம் சூடாகிறது. ஆனாலும் அடுத்த வாரம் கேட்டுவிடுகிறேன்.

போன மாதம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். உயரமாகிவிட்டாள். நான்கைந்து பெண்களோடு நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். ஒரு நொடி என் பக்கம் பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்ததா, தெரிந்தும் பேச விரும்பவில்லையா என்று சொல்ல முடியவில்லை. நான் கையை உயர்த்தினேன். அதற்குள் அவர்கள் பஸ் வந்துவிட்டது. எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். நான் என் பஸ்ஸுக்காக நின்றேன்.